எந்த ஊசி? நாள்காட்டியை வைத்துக்கொண்டு ஒரு கணக்கு

எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்காரர் 2021 ஜூலை முழுவதும் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை. பயம் ஒன்றும் கிடையாது. "கோவாக்சின் வரட்டும் என்று பார்க்கிறேன், அதில் காய்ச்சல் வராதாமே" என்றார். கோவாக்சின் வந்த அன்று கடைக்குச் சரக்கு லாரி வந்துவிட்டது. அடுத்த முறை வருவதற்குள் யாரோ, "அதை வெளிநாட்டில் ஏற்றுக்கொள்வதில்லை, ஏதோ குறை இருக்கிறது" என்று காதில் போட்டுவிட்டார்கள். அவர் இதுவரை பாஸ்போர்ட்டே எடுத்ததில்லை. ஆனாலும் மனம் மாறி கோவிஷீல்டுக்குக் காத்திருந்தார். அது வந்தபோது, "அதில் ரத்தம் உறையுமாமே" என்று வேறொருவர்.

இவரைப் போல் நடுவில் நிற்பவர்கள் நிறையப் பேர். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: எது நல்ல ஊசி? அந்தக் கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டால் பதில் கிடைக்காது. அடுத்த மூன்று மாதங்கள் உங்களுக்கு எப்படிப் போகப்போகின்றன என்பதை வைத்துக் கேட்டால் பெரும்பாலானோருக்கு ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். இங்கே எழுதியிருப்பது 2021 ஆகஸ்ட் நடுப்பகுதியின் நிலவரம்; 'இன்று', 'இப்போது' என்று வரும் இடங்களும், விலையும் விதியும் பட்டியலும் அந்த நாளுக்கு உரியவை. விதிகள் அடிக்கடி மாறுவதால் தேதியைச் சொல்லிவிடுவது நல்லது.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

முதலாவது, முழுப் பாதுகாப்பு எந்தத் தேதியில் கிடைக்கும். இரண்டாவது, அந்த ஊசி பலன் தருவதற்கு இருக்கும் சான்று. மூன்றாவது, பக்கவிளைவு: மறுநாள் வரும் காய்ச்சல் ஒன்று, மிக அரிதாக வரும் ஆபத்து இன்னொன்று. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. நான்காவது, செலவு. ஊசி இலவசமாக இருக்கலாம், வேலைக்குப் போகாத நாள் இலவசம் இல்லை. ஐந்தாவது, இரண்டாவது டோஸ் அதே ஊரில், அதே பெயரில் கிடைக்குமா. ஆறாவது, சான்றிதழை யாரிடம் காட்டப்போகிறீர்கள்.

| | கோவிஷீல்டு | கோவாக்சின் | ஸ்புட்னிக் வி |
|---|---|---|---|
| வகை | சிம்பன்சியின் சளி வைரஸ் (அடினோ வைரஸ்) வழி | செயலிழக்கச் செய்த முழு வைரஸ் | இரு வேறு மனித அடினோ வைரஸ்கள் வழி |
| இடைவெளி | 12 முதல் 16 வாரம் | 4 முதல் 6 வாரம் | 21 நாள் |
| ஆகஸ்ட் 16 முதல் டோஸ் என்றால் இரண்டாவது | நவம்பர் 8 முதல் | செப்டம்பர் 13 முதல் | செப்டம்பர் 6 முதல் |
| அரசு முகாமில் | இலவசம் | இலவசம் | இல்லை |
| தனியாரில் ஒரு டோஸ் உச்சவிலை (2021 ஆகஸ்ட்) | ரூ. 780 | ரூ. 1,410 | ரூ. 1,145 |
| உலக சுகாதார நிறுவனப் பட்டியல் (2021 ஆகஸ்ட்) | உண்டு | இன்னும் இல்லை | இன்னும் இல்லை |

மூன்றாவது வரியை இன்னொரு முறை பாருங்கள். தீபாவளி நவம்பர் 4. இன்றைக்குக் கோவிஷீல்டு போட்டுக்கொள்கிறவர் தீபாவளிக்கு ஒரே ஒரு டோஸுடன்தான் ஜவுளிக்கடைக் கூட்டத்தில் நிற்பார். இரண்டாவது டோஸ் போட்ட பிறகும் உடல் தயாராக இரண்டு வாரம் வேண்டும். அதே நாளில் கோவாக்சின் போட்டவர் செப்டம்பர் கடைசியிலேயே அந்தக் கட்டத்தைத் தாண்டியிருப்பார். இவ்வளவு பெரிய வித்தியாசம், ஊசிகளின் பலனைச் சொல்லும் சதவீதங்களில் கிடையாது.

மாடர்னாவுக்கு ஜூன் கடைசியிலும், ஜான்சன் அண்ட் ஜான்சன் ஊசிக்கு ஆகஸ்ட் 7 அன்றும் அனுமதி கிடைத்தது. ஆனால் எதுவும் கைக்கு வரவில்லை. வராத ஊசிக்காகக் காத்திருப்பதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

## கோவிஷீல்டு

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் அஸ்ட்ராஜெனிகாவும் உருவாக்கி, புனே சீரம் நிறுவனம் தயாரிப்பது. இந்தியாவில் இதுவரை போட்ட ஊசிகளில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது இதுதான். அதனால் இரண்டாவது டோஸுக்கு அலைய வேண்டிய நிலை பெரும்பாலும் வராது.

இடைவெளி மாறிய கதை எல்லோருக்கும் தெரியும். ஜனவரியில் 4 முதல் 6 வாரம், மார்ச் 22 அன்று 6 முதல் 8 வாரம், மே 13 அன்று 12 முதல் 16 வாரம். தட்டுப்பாட்டை மறைக்கத்தான் தள்ளிப்போட்டார்கள் என்ற சந்தேகம் மக்களுக்கு வந்ததில் வியப்பில்லை. மே மாதம் நாம் இருந்த நிலை அப்படி. ஆனால் காரணம் வெறும் சாக்கும் அல்ல. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில், ஆறு வாரத்துக்குள் இரண்டாவது டோஸ் போட்டவர்களிடம் பலன் சுமார் 55 சதவீதம், 12 வாரத்துக்குப் பிறகு போட்டவர்களிடம் சுமார் 81 சதவீதம்.

அந்த ஆய்வு நடந்த காலத்தில் டெல்டா என்ற உருமாறிய கொரோனா வைரஸ் இல்லை என்பதுதான் சிக்கல். டெல்டா பரவிய பிறகு பிரிட்டனில் எடுத்த கணக்கில், இதே ஊசியின் ஒரு டோஸ், மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையை 71 சதவீதமும், இரண்டு டோஸ் 92 சதவீதமும் குறைத்தன. சாதாரண அறிகுறித் தொற்றைத் தடுப்பதில் ஒரு டோஸ் 33 சதவீதம்தான். அதனால்தான் பிரிட்டன் தன் இடைவெளியை எட்டு வாரமாகக் குறைத்தது. நாம் குறைக்கவில்லை. முதல் டோஸ் போட்டவுடன் முகக்கவசத்தைக் கழற்றுகிறவர்கள் இந்த 33 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

மறுநாள் காய்ச்சல்: இளவயதினருக்கு அதிகம், முதல் டோஸுக்கு அதிகம். என் அம்மாவுக்கு 71 வயது, சர்க்கரை உண்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார். மார்ச்சில் காலை பதினொரு மணிக்கு ஊசி போட்டார். இரவு பத்து மணிக்குப் போர்வை கேட்டார், பிறகு இரண்டாவது போர்வை. ஒரு பாராசிட்டமால் 650. மறுநாள் மதியம், குழம்பில் புளி கூடிவிட்டது என்று குறை சொல்லும் அளவுக்குத் தெளிந்துவிட்டார். இருபத்தெட்டு வயதுப் பையன்கள் இரண்டு நாள் படுத்ததையும் பார்த்திருக்கிறேன்.

தினக்கூலிக்காரர்களுக்கு மறைமுகச் செலவு இங்கேதான். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் முகாம் வரிசையில் ஒரு நாள், காய்ச்சலில் ஒரு நாள் என இரண்டு நாள் கூலி போகிறது. எதிர்வீட்டில் பூச்சு வேலை செய்தவர் செய்த வழி நல்ல வழி: சனிக்கிழமை வேலை முடிந்து மாலை முகாமில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை படுத்துவிட்டார். ஞாயிறு கறி சாப்பிடலாமா என்று கேட்டார். தாராளமாகச் சாப்பிடலாம், பசி இருந்தால்.

இனி அந்த ரத்த உறைவு. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்து, கூடவே ரத்தமும் கட்டிக்கொள்ளும் ஒரு அரிய நிலை இது. மே மாதத்தில் மத்திய அரசின் குழு வெளியிட்ட கணக்குப்படி, கோவிஷீல்டுக்குப் பிறகு இப்படி இருக்கலாம் எனக் கருதப்பட்டவை 26, அதாவது பத்து லட்சம் டோஸுக்கு 0.61. நம் பதிவு முறை எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று நான் நம்பவில்லை. பிரிட்டனில் இதைவிடப் பல மடங்கு பதிவானது, 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முடிந்தவரை வேறு ஊசி கொடுக்கச் சொன்னார்கள். அங்கே மாற்று ஊசி கைவசம் இருந்தது. கூடுதலான அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும் லட்சம் பேரில் ஓரிருவர் என்ற அளவுதான்.

பயப்பட வேண்டாம், ஆனால் தெரிந்துகொள்ளுங்கள். ஊசி போட்ட இருபது நாட்களுக்குள் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்குவது, நிற்காத வயிற்றுவலி, முன்பு வந்திராத கடும் தலைவலி, பார்வை மங்குவது, இரட்டையாகத் தெரிவது, ஊசி போட்ட இடத்தைத் தாண்டி உடலில் ஊசிமுனை போன்ற சிவப்புப் புள்ளிகள் ஆகியவற்றில் ஏதாவது வந்தால் பெரிய மருத்துவமனைக்குப் போய், "இந்தத் தேதியில் கோவிஷீல்டு போட்டேன்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மருத்துவர் தட்டணு எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

## கோவாக்சின்

ஹைதராபாத் பாரத் பயோடெக், மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆருடன் சேர்ந்து உருவாக்கியது. வைரஸை வளர்த்து, கொன்று, உடலுக்குக் காட்டும் பழைய முறை. போலியோ ஊசியும் வெறிநாய்க்கடி ஊசியும் இந்த வழியில் வந்தவைதான். "பழக்கப்பட்ட முறை" என்று மருத்துவர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

இதன் மீது வந்த குறையில் நியாயம் இருந்தது. ஜனவரி 3 அன்று அனுமதி கொடுத்தபோது மூன்றாம் கட்ட ஆய்வின் முடிவு வரவில்லை. மார்ச் வரை "ஆய்வு நிலையில்" என்ற நிபந்தனையோடுதான் போட்டார்கள். அப்போது தயங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஜூலை தொடக்கத்தில் முடிவு வந்துவிட்டது: சுமார் 25,800 பேர் பங்கேற்ற ஆய்வில் அறிகுறித் தொற்றுக்கு எதிராக 77.8 சதவீதம், டெல்டாவுக்கு எதிராக 65.2 சதவீதம். பழைய சந்தேகத்தை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இந்த 77.8-ஐ கோவிஷீல்டின் எண்ணோடு சேர்த்து வைத்து எது பெரியது என்று பார்ப்பவர்கள் பலர். ஒருவர் 2020-இல் வேறு நாட்டில் வேறு வைரஸுக்கு எதிராகத் தேர்வு எழுதினார், மற்றவர் வேறு வினாத்தாளில். மதிப்பெண்களைக் கழித்துப் பார்த்து ஒன்றும் தெரியாது.

காய்ச்சல் குறைவு என்ற பேச்சு பெரும்பாலும் உண்மை, கை வலியோடு முடிந்துவிடுகிறது. நான்கு வாரத்தில் இரண்டாவது டோஸ் வந்துவிடுவது பெரிய வசதி. ஆனால் அந்த வசதியின் கூடவே ஓர் இடரும் இருக்கிறது: வரத்து குறைவு. ஏப்ரலில் முதல் டோஸ் போட்டுவிட்டு, ஆறாவது வாரம் முடியும்போது முகாம் முகாமாக அலைந்தவர்கள் பலர். நான்கு வார இடைவெளி என்பது தாளில் நான்கு வாரம். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், "இரண்டாவது டோஸ் கோவாக்சினுக்குத் தனியாக ஒதுக்குகிறீர்களா?" என்று கேட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். தனியாரில்தான் கிடைக்கும் என்றால் நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு டோஸுமாக ரூ. 11,280. அதே குடும்பத்துக்குக் கோவிஷீல்டு ரூ. 6,240.

இன்னொரு கேள்வியையும் ஒளிக்காமல் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டில் இதைக் கேட்காத வீடு இல்லை. நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவாக்சின் போட்டுக்கொண்டார், எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி விடிகாலை மறைந்தார். இதய ரத்தக் குழாயில் முழு அடைப்பு இருந்தது என்றும் ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் மருத்துவர்கள் சொன்னார்கள். அப்படி ஓர் அடைப்பு ஒரே நாளில் வளர்ந்துவிடுவதில்லை. நாடு முழுவதும் தினமும் பல லட்சம் பேர் ஊசி போடும்போது, அன்றைக்கோ மறுநாளோ வேறு காரணத்தால் சிலர் இறப்பார்கள். இதைச் சொன்னால் துக்கம் குறையாது என்பதும் எனக்குத் தெரியும்.

என் மச்சானின் அனுபவம் வேறு வகை. சவூதியின் தம்மாமில் வெல்டிங் ஃபோர்மன், ஏப்ரலில் விடுப்பில் வந்திருந்தவர், வயது 46. வரிசை குறைவாக இருந்த இடத்தில் நின்றார், அது கோவாக்சின் வரிசை. இரண்டு டோஸும் முடித்துவிட்டுக் கம்பெனிக்குச் சான்றிதழை அனுப்பினார். சவூதியின் ஏற்புப் பட்டியலில் கோவாக்சின் இல்லை, அந்த நாட்டு அரசின் தவக்கல்னா செயலியில் அவர் ஊசி போடாதவர். இங்கே அரசின் ஊசிப் பதிவுத் தளமான கோவினில் இரண்டு டோஸும் முடித்தவர், இன்னொரு ஊசி கொடுக்க மாட்டார்கள். இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உலக சுகாதார நிறுவனம் பட்டியலில் சேர்க்கும் என்று மாதக்கணக்காகச் சொல்கிறார்கள். சேர்க்கும் வரை, வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாடு போகிறவர் எடுக்க வேண்டியது கோவிஷீல்டுதான். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

## ஸ்புட்னிக் வி

மாஸ்கோவின் கமாலேயா நிறுவனத்துடையது. பலன் 91.6 சதவீதம் என்ற எண் டெல்டாவுக்கு முந்தியது. முதல் டோஸும் இரண்டாவது டோஸும் வேறு வேறு மருந்துகள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டாவது மருந்தின் வரத்து இப்போது திணறுகிறது. மைனஸ் 18 டிகிரியில் வைக்க வேண்டும் என்பதால் பெரிய நகரத்துத் தனியார் மருத்துவமனைகளைத் தாண்டி வருவதில்லை. இரண்டாவது டோஸ் கையிருப்பில் இருக்கிறது என்று மருத்துவமனை உறுதி சொன்னால் போடலாம். இல்லாவிட்டால் இதற்காகச் சென்னைக்குப் பஸ் ஏறாதீர்கள்.

## காத்திருப்பதும் ஒரு தேர்வுதான்

மளிகைக் கடைக்காரர் செய்தது இதைத்தான், எனவே இதையும் தராசில் வைப்போம். தமிழ்நாடு காவல்துறையில் சுமார் 1,17,500 பேரின் தரவை ஐசிஎம்ஆர் ஆராய்ந்தது. இரண்டாம் அலையில், ஏப்ரல் 13 முதல் மே 14 வரை, கொரோனாவால் 31 பேர் இறந்தார்கள். இரண்டு டோஸ் போட்ட 67,673 பேரில் 4 பேர். ஒரு டோஸ் போட்ட 32,792 பேரில் 7 பேர். போடாதவர்கள் வெறும் 17,059 பேர்தான், அவர்களில் 20 பேர். ஆயிரத்துக்கு எத்தனை என்று பார்த்தால் 0.06, 0.21, 1.17. எந்த ஊசி என்று அந்தக் கணக்கு பிரித்துப் பார்க்கவில்லை. பிரிக்காமலேயே வித்தியாசம் இவ்வளவு.

வேலூர் சிஎம்சி மருத்துவமனை தன் ஊழியர்களிடம் பார்த்ததும் இதே திசையில்தான் இருக்கிறது. இரண்டு டோஸ் போட்டவர்களுக்கு மருத்துவமனைச் சேர்க்கை 77 சதவீதம் குறைவு, ஆக்சிஜன் தேவை 92 சதவீதம் குறைவு. அங்கே பெரும்பாலோர் போட்டது கோவிஷீல்டு.

காத்திருப்பது சரியாக இருக்கும் சூழல் ஒன்று உண்டு: கொரோனா வந்து குணமானவர்கள் மூன்று மாதம் கழித்துப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். முதல் டோஸுக்குப் பின் தொற்று வந்தாலும் இரண்டாவதை அதேபோல் தள்ளிப்போட வேண்டும்.

## யாருக்கு எது

வெளிநாட்டு வேலை, படிப்பு: கோவிஷீல்டு, ஏற்கெனவே சொன்ன காரணத்தால். ஆகஸ்ட் 31 வரை பயணம் இருப்பவர்கள் ஆவணம் காட்டினால் 28 நாளிலேயே இரண்டாவது டோஸ் கொடுக்கிறார்கள். சான்றிதழில் பாஸ்போர்ட் எண் சேர வேண்டும்.

செப்டம்பர், அக்டோபரில் கூட்டத்தோடு புழங்கியே ஆக வேண்டியவர்கள் (ஆசிரியர், நடத்துநர், கல்யாண சமையல்காரர்): இரண்டாவது டோஸ் உறுதியாகக் கிடைக்குமானால் கோவாக்சின். உறுதியில்லை என்றால் கோவிஷீல்டே போதும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தால் முன்பு தட்டணு குறைந்தவர்கள், மூளை ரத்த நாளத்தில் உறைவு வந்தவர்கள்: தங்கள் மருத்துவரிடம் கேட்டு, கோவிஷீல்டைத் தவிர்ப்பது நல்லது. சாதாரணச் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஸ்டென்ட் இதில் சேராது. அவர்கள்தான் முதலில் போட வேண்டியவர்கள்.

கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2 முதல் அனுமதி உண்டு, பாலூட்டும் தாய்மார்களுக்கு மே மாதத்திலிருந்தே உண்டு. கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டில் எதற்கும் கர்ப்பிணிகளிடம் பெரிய ஆய்வு இன்னும் கிடையாது. கர்ப்பத்தில் கொரோனா கடுமையாகும் என்பதற்குச் சான்று இருக்கிறது. வழக்கமாகப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் ஒரு முறை பேசிவிட்டுப் போடுங்கள்.

ஒன்றை ஒன்றோடு கலக்கலாமா? உத்தரப் பிரதேசத்தில் தவறுதலாக முதலில் கோவிஷீல்டும் அடுத்து கோவாக்சினும் போடப்பட்ட 18 பேரை ஐசிஎம்ஆர் பரிசோதித்தது. பாதகம் இல்லை, எதிர்ப்பாற்றல் நன்றாகவே இருந்தது. பதினெட்டுப் பேரை வைத்து ஊருக்கு விதி எழுத முடியாது. முறையான ஆய்வுக்கு வேலூர் சிஎம்சிக்கு இப்போதுதான் அனுமதி கிடைத்திருக்கிறது. அதுவரை இரண்டும் ஒரே பெயராக இருக்கட்டும்.

## நாற்காலியில் உட்காரும் முன்

அம்மாவுக்கு ஊசி போட்ட மாநகராட்சிப் பள்ளி முகாமில், செவிலியர் குப்பியைத் திறந்தவுடன் அதன் மேல் பேனாவால் நேரத்தை எழுதினார். திறந்தால் நான்கு மணி நேரம்தான் ஆயுள். பத்துப் பேருக்கான குப்பி என்பதால் ஆள் சேரும் வரை திறக்க மாட்டார்கள், அந்த அரை மணி நேரத்துக்காக அவர்களிடம் கோபப்படாதீர்கள். எந்த ஊசி என்று குப்பியைக் காட்டச் சொல்லிப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. அம்மா கேட்டார், அந்தப் பெண் முகம் சுளிக்காமல் காட்டினார்.

பிறகு, "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், அம்மா?" என்று கேட்டார். அம்மா சர்க்கரை மாத்திரையைச் சொன்னார், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையைச் சொல்ல மறந்துவிட்டார். நான் சொன்னேன். "நிறுத்த வேண்டாம், தேய்க்காமல் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்" என்று பஞ்சைக் கொடுத்தார். மாத்திரை அட்டைகளைப் பையில் போட்டு எடுத்துப் போனால் இந்த மறதி இருக்காது. முன்பு ஏதாவது ஊசிக்கு மூச்சுத் திணறியிருந்தால், முகம் வீங்கியிருந்தால், அதையும் உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள். முதல் டோஸுக்கே அப்படி ஆனவர் அதே ஊசியின் இரண்டாவது டோஸைப் போடக் கூடாது. அன்று காய்ச்சல் இருந்தால் திரும்பி வந்துவிடலாம். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். கடுமையான ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் வந்துவிடும், மருந்தும் அங்கேதான் இருக்கிறது.

பதிவு செய்பவரின் திரையில் உங்கள் பெயரையும் பிறந்த ஆண்டையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பின்னால் திருத்த வழி இருக்கிறது, ஆனால் ஒரு வாரத் தலைவலி.

மளிகைக் கடைக்காரர் போன சனிக்கிழமை மாலை போட்டுக்கொண்டார். பள்ளி முகாம், கோவிஷீல்டு, வரிசையில் நாற்பது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை கடையை மகன் பார்த்துக்கொண்டான். கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் நாள்காட்டியில் நவம்பர் 6-ஐச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருக்கிறார். தீபாவளி முடிந்து இரண்டாம் நாள், சரக்கு வராத சனிக்கிழமை.